கார்டு இருந்தும் காசு கேக்கறாங்களே, ஏன்? காப்பீட்டுத் திட்டமும் நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிகளும்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல்னு நம்ம பக்கம் எங்க போயி கேட்டாலும் மருத்துவக் காப்பீட்டைப் பத்தி ரெண்டு விதமான பேச்சுதான் இருக்கு. ஒண்ணு, "கார்டு இருந்தா 5 லட்சம் வரைக்கும் எல்லாமே ஃப்ரீங்க". இன்னொண்ணு, "அந்தக் கார்டை வெச்சு ஒண்ணும் ஆகாதுங்க, எங்க போனாலும் முன்பணம் கட்டுங்கன்னுதான் சொல்றாங்க". ரெண்டுமே அவங்கவங்க அனுபவத்துல இருந்து வர்ற பேச்சு, யாரும் பொய் சொல்லல. ஆனா கார்டு எப்படி வேலை செய்யுதுன்னு ஒருதரம் புரிஞ்சுட்டா ஏன் ஒருத்தருக்குக் கிடைச்சுது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கலைங்கறது வெளங்கிரும். அதை அடியில இருந்து பாக்கலாம்.

மொதல்ல, உங்க கையில இருக்கறது எந்தக் காப்பீடு?

குழப்பத்துல பாதி இங்கதான் ஆரம்பிக்குது, ஏன்னா எல்லாத்தையும் சேத்து "இன்சூரன்ஸ்"னு ஒரே பேர்ல சொல்லிட்டுப் போறோம்.

1. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில கலைஞர் பேர்ல உயிர்காக்கும் சிகிச்சைக்குன்னு ஒரு திட்டம் வந்துச்சு, அதுக்கு அடுத்து 2012 ஜனவரியில ஜெயலலிதா ஆட்சியில இப்ப இருக்கற பேர்ல வந்துச்சு. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ள இருக்கணும்னு இருந்ததை 2022ல 1,20,000 ஆக்குனாங்க. பிரீமியம் முழுசும் அரசாங்கம் கட்டுது, குடும்பத்துக்கு வருசத்துக்கு 849 ரூபாய்னு அப்ப ஒப்பந்தம் போட்டாங்க. நாம ஒரு பைசா கட்டறதில்ல.

2. ஆயுஷ்மான் பாரத், அதாவது பிரதமர் பேர்ல இருக்கற தேசியத் திட்டம். 2018 செப்டம்பர் 23ல ராஞ்சியில தொடங்குனாங்க. தமிழ்நாட்டுல இதைத் தனியா நடத்தல, முதலமைச்சர் திட்டத்தோடயே இணைச்சுட்டாங்க. அதனாலதான் கார்டுல ரெண்டு திட்டத்தோட பேரும் இருக்கும். "எனக்கு மோடி கார்டு இல்லைங்க, ஸ்டேட் கார்டுதான் இருக்கு"ன்னு கவலைப்படறவங்க நெறைய, நம்ம ஊர்ல ரெண்டும் ஒரே கவுண்டர்தான், வருசத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம்ங்கற உச்சவரம்பும் ஒண்ணுதான்.

3. இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. இது வேலைக்குப் போறவங்க சம்பளத்துல பிடிக்கறது. அரசாங்கம் தர்ற இனாம் கிடையாது, உங்க காசும் மொதலாளி காசும் சேந்தது.

4. தனியார் பாலிசி. நீங்களா ஏஜெண்டுகிட்டயோ பேங்குலயோ எடுத்தது, இல்ல கம்பெனி எடுத்துக் குடுத்தது.

இந்த நாலுக்கும் விதி வேற, போகவேண்டிய ஆஸ்பத்திரி வேற, கேக்கவேண்டிய ஆளும் வேற.

5 லட்சம்ங்கறது பணம் இல்ல

இதுதான் மொத்த விசயத்துக்கும் மையம், அதனால கொஞ்சம் நின்னு பாக்கணும்.

கார்டுல 5 லட்சம் இருக்குன்னு சொன்னதும் ஏடிஎம் கார்டு மாதிரி அதுல இருந்து எந்த ஆஸ்பத்திரி பில்லையும் கட்டிக்கலாம்னு மனசுல பதிஞ்சுருது. அப்படி இல்லைங்க. அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டு வெச்சிருக்கு. 2022ல ஒப்பந்தம் புதுப்பிச்சப்போ அதுல 1,090 சிகிச்சை முறைகள் இருந்துச்சு, அதுபோக 52 பரிசோதனை, 8 தொடர் சிகிச்சை. இருதய பைபாஸ், ஸ்டென்ட் வெக்கறது, டயாலிசிஸ், புற்றுநோய்க்குக் கீமோ, மூட்டு மாத்தறது, காது கேக்காத குழந்தைக்கு உள்ள கருவி வெக்கறது, இதெல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரேட்டு. இந்த ரேட்டுக்குப் பேரு பேக்கேஜ். பெட்டு, டாக்டர், தியேட்டர், மருந்து, டெஸ்ட் எல்லாம் அந்த ஒரே தொகைக்குள்ள அடக்கம். ஆஸ்பத்திரியோட தரத்தைப் பொறுத்து அந்தத் தொகை கூடும் கொறையும்.

இதுல இருந்து நாலு விசயம் வருது:

1. உங்க நோவு அந்தப் பட்டியல்ல இருக்கணும். காய்ச்சல்னு ரெண்டு நாள் கெடந்து குளுக்கோஸ் ஏத்துனதுக்கு, வெளிநோயாளியா டாக்டரைப் பாத்து மாத்திரை வாங்குனதுக்கெல்லாம் இந்தக் கார்டு பணம் தராது.

2. ஆஸ்பத்திரி திட்டத்துல சேந்திருந்தா மட்டும் பத்தாது, அந்தக் குறிப்பிட்ட பிரிவும் சேந்திருக்கணும். கண்ணுக்குச் சேந்திருப்பாங்க, எலும்புக்குச் சேந்திருக்க மாட்டாங்க. வாசல்ல போர்டு இருக்கும், உள்ள போனா "இதுக்கு இல்லைங்க"ம்பாங்க. அங்க ஏமாத்திட்டாங்கன்னு தோணும், பாதி நேரம் விதியே அப்படித்தான் இருக்கும்.

3. சிகிச்சைக்கு முன்னாடியே ஒப்புதல் வாங்கணும். ஆஸ்பத்திரிக்காரங்க ஸ்கேன், ஈசிஜி, ஆஞ்சியோ படம், நோயாளி பெட்டுல இருக்கற போட்டோ எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பி, அந்தப் பக்கம் டாக்டருங்க பாத்து சரின்னு சொல்லணும். ஆபரேசன் முடிஞ்சு நாலு நாள் கழிச்சு கார்டை நீட்டுனா ஒண்ணும் பண்ண முடியாது. அவசரக் கேசுக்கு மட்டும் போன்லயே ஒப்புதல் வாங்கற வழி இருக்கு.

4. கட்டுன பணத்தைத் திருப்பி வாங்கற திட்டம் இது இல்ல. தனியார் பாலிசியில பில்லைக் குடுத்துப் பின்னால வாங்கலாம், இதுல அது கிடையாது. "மொதல்ல நீங்க கட்டிருங்க, அப்பறம் கார்டுல வந்துரும்"னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே உசாராயிருங்க.

இவ்வளவு கெடுபிடி எதுக்குன்னு கோவம் வர்றது நியாயம்தான். ஆனா கெடுபிடி இல்லாத பக்கம் என்ன நடந்துச்சுன்னும் பாருங்க. 2023 ஆகஸ்ட்ல வந்த தணிக்கை அறிக்கையில ஆயுஷ்மான் திட்டத்துல நாடு முழுக்க சுமார் 7.5 லட்சம் பேரு 9999999999ங்கற ஒரே போன் நம்பர்ல பதிவாகியிருக்காங்கன்னு வந்துச்சு. போட்டோவும் கைரேகையும் கேக்கறது அந்த மாதிரி ஓட்டையை அடைக்கத்தான். வயசானவங்க ரேகை பதியாம கவுண்டர்ல அலையறாங்களேங்கறது வேற வேதனை, அதுக்கு இன்னும் நல்ல வழி கண்டுபிடிக்கணும்.

தனியார் ஆஸ்பத்திரி ஏன் தயங்குது

கோயமுத்தூரு நெறையப் பேருக்கு மருத்துவ ஊரு. பழனியில இருந்தும் ஊட்டியில இருந்தும் பாலக்காட்டுல இருந்தும் இங்கதான் வர்றாங்க. அவனாசி ரோட்டுலயும் அக்கம்பக்கமும் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிகளைப் பாத்து வளந்ததால நல்ல வைத்தியம்னாலே தனியார்ங்கற எண்ணம் நமக்கு ஆழமா இருக்கு.

அந்த ஆஸ்பத்திரிகள் வழக்கமா வாங்கற ரேட்டுக்கும் திட்டத்தோட பேக்கேஜ் ரேட்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கு, அந்தப் பணமும் உடனே வர்றதில்ல. அதனால சில இடத்துல இப்படி நடக்குது: திட்ட பெட்டு காலி இல்லைம்பாங்க, இல்ல "கார்டுல வர்றது சாதா ஸ்டென்ட்டுங்க, நல்லது வேணும்னா மேல கட்டுங்க"ம்பாங்க, இல்ல டெஸ்டுக்கு மட்டும் தனியா பில் போடுவாங்க. நெஞ்சுவலியில அப்பாவைப் படுக்க வெச்சுட்டு நிக்கறவன் "நல்லது வேணுமா"ன்னு கேட்டா வேண்டாம்னா சொல்லுவான்? கழுத்துல இருக்கறதை அடகு வெச்சாவது கட்டத்தான் செய்வான்.

விதி என்னன்னா, ஒப்புதல் வாங்குன சிகிச்சைக்கு பேக்கேஜுக்கு மேல ஆஸ்பத்திரி காசு வாங்கக் கூடாது. இதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல, வாங்கறது தப்புதான். அதே சமயத்துல பேக்கேஜ் ரேட்டை விலைவாசிக்கு ஏத்த மாதிரி திருத்தாம விட்டா ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு பிரிவா கழண்டுட்டுப் போகும், கடைசியில கார்டு இருக்கும், வாங்க ஆஸ்பத்திரி இருக்காது. இந்தக் கணக்கை அரசாங்கம் பேசியே ஆகணும்.

ஜி.எச்.சைப் பத்தின நினைப்பு

"ஜி.எச்.சுக்கா? அங்க போனா முடிஞ்சுது"ங்கற பேச்சு இன்னும் இருக்கு. ஒறம்பரைக்காரங்க என்ன நெனப்பாங்களோன்னே தனியாருக்குப் போறவங்களும் இருக்காங்க. பெத்தவங்களை ஜி.எச்.ல சேத்துனா பையன் கைவிட்டுட்டான்னு பேசுவாங்களேன்னு பயம்.

கக்கூசு, கூட்டம், தரையில பாய் போட்டுப் படுக்கறது, வீல்சேர் தள்ளறதுக்குக் கை நீட்டறது, இதெல்லாம் உண்மையான குறை, இதை மறைக்கக் கூடாது. ஆனா வார்டு எப்படி இருக்குங்கறதும் வைத்தியம் எப்படி இருக்குங்கறதும் ரெண்டு தனிக் கேள்வி. கோயமுத்தூர் மருத்துவக் கல்லூரி 1966ல இருந்து இருக்கு, சேலத்துல மோகன் குமாரமங்கலம் கல்லூரி 1986ல இருந்து இருக்கு. பெருந்துறையில போக்குவரத்துத் தொழிலாளர்களுக்காக ஆரம்பிச்ச கல்லூரி இப்ப ஈரோடு மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி. கரூர்ல 2019ல வந்துச்சு, திருப்பூர், நாமக்கல், நீலகிரி மூணும் 2022 ஜனவரி 12ல ஒரே நாள்ல தொறந்தாங்க. பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி திருப்பூர்ல தலையில அடிபட்டா கோயமுத்தூருக்குத் தாட்டி விடறதுதான் வழி. அந்த நினைப்பு இன்னும் மாறல, ஆனா ஊருக்குள்ள இருக்கற ஆஸ்பத்திரி மாறிட்டு வருது.

செலவு வித்தியாசமும் தெரிஞ்சுக்கோங்க. 2017-18ல எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்புப்படி, பிரசவத்தைத் தவிர்த்து, ஒருதரம் ஆஸ்பத்திரியில சேந்தா நாட்டுல சராசரியா அரசு ஆஸ்பத்திரியில 4,452 ரூபாய், தனியார்ல 31,845 ரூபாய் ஆச்சு. ஏழு மடங்கு.

இன்னொரு விசயத்துல நெறையப் பேருக்குச் சந்தேகம் இருக்கு. "ஜி.எச்.ல எல்லாமே ஃப்ரீதானே, அங்க எதுக்குங்க கார்டு கேக்கறாங்க? நம்ம 5 லட்சத்தைக் கரைக்கறதுக்கா?"ன்னு கார்டை ஒளிச்சு வெக்கறவங்க இருக்காங்க. நடக்கறது இது: காப்பீட்டுத் திட்டத்துல ஜி.எச்.சும் ஒரு ஆஸ்பத்திரிதான். நீங்க கார்டு குடுத்தா உங்க ஆபரேசனுக்கான பேக்கேஜ் தொகை இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து அந்த ஜி.எச்.சுக்கே வருது. அந்தப் பணத்துலதான் புது மெசினு, ஆபரேசனுக்கு வேணுங்கற சாமானு, ஊழியர்களுக்கு ஊக்கத்தொகைன்னு செலவு பண்றாங்க. நீங்க கார்டு குடுக்கலைன்னாலும் வைத்தியம் நடக்கும், ஆனா ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பணம் வராது. கார்டுல கழியறது வாஸ்தவம், வருசம் மாறுனா மறுபடி முழுத் தொகையும் வந்துருது. அதனால ஜி.எச்.ல கார்டு கேட்டா தாராளமாக் குடுங்க.

பனியன் கம்பெனி சம்பளச் சீட்டுல இருக்கற அந்த வரி

இஎஸ்ஐயைப் பத்தி நம்ம பக்கம் இருக்கற கசப்பு பெருசு. "மாசாமாசம் பிடிக்கறாங்க, போனா மாத்திரை மட்டும் குடுக்கறாங்க." கணக்கைப் போட்டுப் பாக்கலாம்.

செக்கிங்ல இருக்கற ஒரு அக்காவுக்கு மாசச் சம்பளம் 14,000ன்னு வெச்சுக்கோங்க. 2019 ஜூலையில இருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். மொதலாளி பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். மொத்தம் 560 போகுது, அந்த அக்கா கையில இருந்து போறது 105தான். அதுக்கு என்ன வருதுன்னா:

1. வேலைக்குச் சேந்த நாள்ல இருந்தே தனக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். இதுல 5 லட்சம்ங்கற மாதிரி உச்சவரம்பு இல்ல.

2. மேலுக்கு முடியாம லீவு போட்டா, வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம். இதுக்கு ஆறு மாசப் பங்களிப்புக் காலத்துல கொறைஞ்சது 78 நாளைக்குப் பணம் கட்டியிருக்கணும்.

3. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம்.

4. வேலையில அடிபட்டா கொணமாகற வரைக்கும் சம்பளத்துல 90 சதவீதம்.

ரெண்டாவதையும் நாலாவதையும் வேற எந்த கார்டும் தராது. தறியில கை மாட்டுனா ஆஸ்பத்திரிச் செலவை விட ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம இருக்கறதுதான் குடும்பத்தைக் கவுக்குது. ஆனா இதைக் கேட்டு வாங்கறவங்க கம்மி, ஏன்னா இப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்றதில்ல.

சிக்கல் எங்கன்னா, 10 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற இடத்துக்குத்தான் சட்டம். 21,000க்கு மேல சம்பளம் போனா வெளிய வந்துருவோம். பீஸ் ரேட்டுல தெக்கறவங்க, காண்ட்ராக்ட் ஆளு மூலமா வர்ற வடநாட்டுப் பசங்க, சோமனூர் பல்லடம் பக்கம் வீட்டுலயே கூலிக்கு நாலு தறி ஓட்டறவங்க, இவங்க யாருக்கும் சம்பளச் சீட்டே இல்ல. புருசனும் பொண்டாட்டியும் சேந்து மாசம் 20,000 சம்பாதிக்கற குடும்பம் வருசத்துக்கு 2,40,000 ஆயிருது, முதலமைச்சர் திட்டத்தோட 1,20,000 வரம்புக்கு ரெண்டு மடங்கு. ஆக இஎஸ்ஐயும் இல்ல, கார்டும் இல்ல, தனியார் பாலிசி எடுக்கற அளவுக்கு மிச்சமும் இல்ல. கொங்குல உழைக்கறவங்கள்ல பெரும் கூட்டம் இந்த நடுவுலதான் நிக்குது. எனக்குத் தெரிஞ்சு இதுதான் இந்த மொத்த ஏற்பாட்டுலயும் பெரிய ஓட்டை, கார்டைத் திருப்பி அனுப்பறதை விடப் பெரிய பிரச்சினை.

தனியார் பாலிசி: ரூமு வாடகைதான் பில்லைத் தூக்குது

2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்ல, முன்னாடி 18 சதவீதம் இருந்துச்சு. வெலை கொறைஞ்சிருக்குன்னு புதுசா எடுக்கறவங்க ரூம் வாடகை வரம்பை மட்டுமாவது படிச்சுட்டு எடுங்க.

3 லட்சம் பாலிசி, ரூம் வாடகை நாளைக்கு 1 சதவீதம், அதாவது 3,000. நீங்க 6,000 ரூபாய் ரூம்ல 5 நாள் இருந்தீங்க. பில்லு 2 லட்சம்: ரூமு 30,000, மருந்தும் உள்ள வெச்ச பொருளும் 70,000, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் எல்லாம் 1,00,000. கம்பெனி ரூமுக்கு 15,000தான் தரும்னு நெனைப்பீங்க. அதோட நிக்காது, ரூமு ரெண்டு மடங்கு போனதால டாக்டர் ஃபீஸ், தியேட்டர்லயும் பாதிதான் தரும், 50,000. மருந்து, உள்ள வெச்ச பொருளு 70,000 முழுசா வரும். மொத்தம் வர்றது 1,35,000, உங்க கையில இருந்து 65,000. ரூமை மாத்தியிருந்தா இது அத்தனையும் மிச்சம்.

2024ல இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஆணையம் (ஐஆர்டிஏஐ) சில விதிகளைப் பாலிசிதாரர் பக்கமா மாத்தியிருக்கு. ஏற்கெனவே இருக்கற சீக்குக்குக் காத்திருப்புக் காலம் 3 வருசத்துக்கு மேல போகக் கூடாது. கேஷ்லெஸ் (நாம கட்டாம கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டறது) கேட்டா ஒரு மணி நேரத்துல முடிவு சொல்லணும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரம். காத்தால டிஸ்சார்ஜ் எழுதிட்டு பொழுதோட வரைக்கும் உக்கார வெச்சா இந்த விதியைச் சொல்லிக் கேளுங்க.

கார்டு தொடாத செலவு

நாட்டுல மொத்த மருத்துவச் செலவுல ஜனங்க கைக்காசு 2013-14ல 64.2 சதவீதமா இருந்துச்சு, 2021-22ல 39.4 ஆகக் கொறைஞ்சிருக்கு. நல்ல மாற்றம்தான். ஆனாலும் நூத்துக்கு நாப்பது ரூபாய் இன்னும் நம்ம மடியில இருந்துதான் போகுது. அதுல சக்கரைக்கும் பிரஷருக்கும் மாசாமாசம் வாங்கற மாத்திரை, ரத்த டெஸ்டு எல்லாம் இருக்கு. இஎஸ்ஐ இல்லாதவங்களுக்கு இதுக்குப் பெரும்பாலும் காப்பீடு இல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல வந்ததுல இருந்து வீட்டுக்கே மாத்திரை வருது, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் வாங்கலாம். "கவர்மெண்டு மாத்திரை கேக்காதுங்க"ன்னு விட்டுட்டு கடையில வாங்கறவங்க, டாக்டர்கிட்ட ஒருதரம் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. மாத்திரையை நடுவுல நிறுத்துனவங்கதான் பின்னால டயாலிசிஸ் பெட்டுல வந்து படுக்கறாங்க.

ரோட்டுல அடிபட்டா கார்டே வேண்டாம். இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு, மொத 48 மணி நேர வைத்தியம் பட்டியல்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரியிலயும் இலவசம், வருமானமும் பாக்க மாட்டாங்க, எந்த மாநிலத்துக்காரருன்னும் பாக்க மாட்டாங்க. தொடங்கறப்போ 1 லட்சம் வரைக்கும்னு சொன்னாங்க. சேலம் பைபாஸ்ல, அவனாசி மேம்பாலத்துக்கிட்ட அடிபட்டவரைத் தூக்கிட்டுப் போறவங்க பில்லு நம்ம தலையில விழுமோன்னு பயந்து நிக்க வேண்டியதில்ல.

சேத்தறப்போ கேக்கவேண்டியது

"கார்டு எடுப்பீங்களா?"ன்னு கேட்டா ஆமாம்தான் பதில் வரும், அதனால பிரயோசனம் இல்ல. காப்பீட்டுக் கவுண்டர்ல இருக்கறவங்ககிட்ட இப்படிக் கேளுங்க:

1. இந்த நோவுக்கு, இந்தச் சிகிச்சைக்கு, இந்த ஆஸ்பத்திரியில திட்டம் இருக்குங்களா?

2. ஒப்புதலுக்கு அனுப்பிட்டீங்களா, எவ்வளவுக்கு ஒப்புதல் வந்துச்சு?

3. அதுக்கு மேல ஏதாவது கட்டணும்னா எதுக்குன்னு எழுதி பில்லு குடுங்க.

மூணாவது கேள்விக்கே பல இடத்துல பேச்சு மாறிரும். காசு கட்டியே தீர வேண்டிய நெலமை வந்தாலும் ரசீது இல்லாம கட்டாதீங்க, ரசீது இல்லைன்னா பின்னால எந்த மனுவும் நிக்காது. புகாருக்கு 1800 425 3993ங்கற இலவச நம்பர் இருக்கு. அது சரிப்படலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு குடுங்க, மாவட்ட அளவுல இந்தத் திட்டத்தோட புகாரை விசாரிக்கற குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவரு. மனுவோட கார்டு ஜெராக்ஸ், டிஸ்சார்ஜ் சீட்டு, ரசீது மூணையும் வெச்சுக் குடுத்து, மனு நம்பரைப் போட்டுத் தர்ற சீட்டைப் பத்திரமா வாங்கிக்கோங்க.